பிரிக்காத பூப்பொட்டலம்

எல்லா உயிர்க்கும் தாயாகி, பிள்ளை கேட்கும் முன்னே அதன் பசியை அறிந்தவளாகி, அறிந்திருந்தும் அது வாய்திறந்து கேட்கும்வரை காத்திருப்பவளாகி, ஆற்றங்கரையில் எழுந்தருளியிருக்கும் அம்பிகையின் திருவடிகளை முதற்கண் வணங்குகிறோம். அவள் பெயருக்குப் பிறகே மற்றவர் பெயர்கள் வரட்டும்.

மஞ்சள் விளையும் நாட்டில் அவள் கோயில். கோயிலை ஒட்டிய சிறு மடத்தில் வடிவம்மை என்னும் அம்மையார் இருந்தார். இளமையிலேயே துறவு பூண்டவர். அவரினும் வயதில் மூத்தவர்கள் பலர் அவரைக் குருவாகக் கொண்டிருந்தனர்.

அம்மையார் எதையும் எளிதில் நம்புகிறவர் அல்லர். பூக்காரி "இன்று பறித்த பூ" என்றால் காம்பைத் திருப்பிப் பார்ப்பார். அடியார் ஒருவர் "எனக்கு ஆசையே அற்றுவிட்டது" என்றபோது, "எப்போதிலிருந்து?" என்று கேட்டார். அவர் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சீடர்களுள் ஒருவர் மாசிலாமணி. ஐம்பதை நெருங்கியவர். குங்கும ஆலை ஒன்றில் கூலிக்கு வேலை பார்த்தார். மஞ்சளை எலுமிச்சைச் சாற்றிலும் வெங்காரத்திலும் ஊறவைத்துச் சிவக்கச் செய்வது அவர் பொறுப்பு. சொந்தமாகத் தொழில் தொடங்கப் போவதாகப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு அதற்கு வேளை வந்தது. ஆடித் திருவிழாவுக்கு வேண்டிய குங்குமம் முழுவதையும் அவரே செய்து தர முடியுமா என்று கோயிலார் கேட்டனர். ஒப்புக்கொண்டால் ஆலை வேலையை விட வேண்டும். விட்ட வேலை திரும்பக் கிடைக்காது. மறுத்தால் கோயிலார் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வர். அப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு முறை வீடு தேடி வராது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

புதன்கிழமை அவர் மடத்துக்கு வந்தார்.

"அம்மா, தொழில் தொடங்கறவனுக்கு மனசு எப்படி இருக்கணுமுங்க?"

"யார் தொடங்கப் போகிறார்?"

"பொதுவாத்தானுங்க கேட்டேன்."

"பொதுவாக யாரும் குங்குமம் செய்வதில்லை. உம் மனம் எப்படி இருக்கிறது?"

மாசிலாமணி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போன ஞாயித்துக்கிழமை டவுன்ல ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேனுங்க. புதுசாத் தொழில் தொடங்கறவங்களுக்கு ஊக்கம் கொடுக்கிற கூட்டம். கோட்டுப் போட்ட ஒருத்தர் பேசினாரு. எல்லாரையும் எந்திரிச்சு நிக்கச் சொன்னாரு. 'நான் வெல்வேன், நான் வெல்வேன்'னு மண்டபமே அதிரக் கத்தினோமுங்க."

"வென்றீரா?"

"வெளிய வரையில ஜெயிச்ச மாதிரித்தான் இருந்துச்சுங்க."

"பிறகு?"

"பஸ்ஸுல உக்கார எடம் கெடைக்கலைங்க. ஊரு வர்றதுக்குள்ள எறங்கிப் போச்சு."

"ஊக்கமா, நீரா?"

"ரெண்டும்தானுங்க."

அம்மையார் சிரிக்கவில்லை. "நீர் செய்த குங்குமம் ஏதாவது கையில் இருக்கிறதா?"

மாசிலாமணி மடியிலிருந்து ஒரு சிறு சிமிழை எடுத்துக் கொடுத்தார். அம்மையார் ஒரு சிட்டிகை எடுத்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஈர விரலால் உள்ளங்கையில் தேய்த்தார். முகர்ந்தார். சாயப்பொடி கலந்திருக்கிறதா என்று ஒரு சொட்டு நீரில் கரைத்தும் பார்த்தார்.

"இதை யார் செய்தது?"

"ஆலையில செஞ்சதுங்க."

"ஆலை செய்யாது. யார் செய்தது?"

"நாந்தானுங்க."

"அதைச் சொல்ல ஏன் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது?"

மாசிலாமணி வேறு பேச்சுக்குத் தாவினார்.

"யாரையும் நம்ப முடியலைங்க அம்மா. மஞ்சக் கடைக்காரன் புழுத்த கிழங்கைப் புதுசோட கலந்துடுவான். மச்சினன் கூட நின்னு ஒத்தாசை பண்றேங்கறான். பக்குவத்தைக் கத்துக்கிட்டுத் தனியாப் போயிருவான். கோயில்காரங்களே கூட..."

"கோயிலார்?"

"கடைசி நேரத்துல வேண்டாம்னுட்டா?"

"மழை?"

"அதைத்தானுங்க மொதல்ல சொல்லியிருக்கணும். காயவெக்கிற அன்னிக்குன்னு பார்த்துக் கரெக்டா வரும்."

"எல்லாம் நடக்கக்கூடியவைதாம்," என்றார் அம்மையார்.

ஆறுதல் தேடி வந்தவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் முகம் வாடவுமில்லை. சட்டென்று நிமிர்ந்தார்.

"அப்ப, தொடங்க வேண்டாம்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லவில்லை. ஆனால் நீர் வெகு வேகமாகக் கேட்டீர்."

"நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லதுங்க."

"நான் ஒன்று சொல்வேன். அது பலிக்காத அன்று நீர் என்னை வைவீர்."

"சிவ சிவா! உங்களை வைவேனுங்களா?"

"உம் முதலாளியை நீர் வைவது ஆற்றுக்கு அக்கரையில் கேட்கிறது."

மாசிலாமணி தரையைப் பார்த்தார். பிறகு, முன்பே யோசித்து வைத்திருந்தவர் போலச் சொன்னார்.

"சரிங்க. அம்மன்கிட்டயே பூ வாக்குக் கேட்டுடறேன்."

பூ வாக்கு அந்தக் கோயிலின் பழைய வழக்கம். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் வெளியே நிறம் தெரியாதபடி மடித்து நாரால் கட்டுவர். கேட்பவர் வீட்டிலேயே கட்டிக்கொண்டு வர வேண்டும்; கோயிலில் யாரும் உள்ளிருப்பதை அறியக் கூடாது. அம்பிகையின் பாதத்தில் வைத்து, ஏதும் அறியாத ஒருவரை ஒன்றை எடுக்கச் சொல்வர். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். அதன்பின் ஊரில் எவரும் ஏன் என்று கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மாசிலாமணி வந்தார். உடன் அவர் மனைவி பொன்னாத்தாள் வந்தார். பொட்டலங்கள் இரண்டும் மாசிலாமணியின் கையில் இருந்தன. கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பவர் போல அவற்றைப் பொத்திப் பிடித்திருந்தார்.

"பூவைக் கட்டியது யார்?" என்று கேட்டார் அம்மையார்.

பொன்னாத்தாள் முந்திக்கொண்டார். "நான் கட்டறேன்னுதானுங்க சொன்னேன். இவரு விடலைங்க. தானே போய்ப் பறிச்சாரு, கதவைச் சாத்திக்கிட்டுத் தானே கட்டினாரு. இத்தனை வருசத்துல ஒரு வாழைநாரைக் கிழிச்ச மனுசனில்லைங்க."

"அம்மன் காரியம். சுத்தபத்தமா இருக்க வேண்டாமா?" என்றார் மாசிலாமணி.

"அப்ப நான் அழுக்கு!" என்ற பொன்னாத்தாள் அம்மையார் பக்கம் திரும்பினார். "முன்கூடத்தைக் காலி பண்ணி வெச்சுட்டேனுங்க. எந்தம்பி உரலைக் கொண்டுவந்து எறக்கிட்டான். இவரு உரலைப் பார்க்கறாரு, உரல் இவரைப் பார்க்குது. அதுக்குமேல ஒண்ணும் நடக்கலைங்க."

மூவரும் சந்நிதிக்கு நடந்தனர். வழியில் மாசிலாமணி மெல்லக் கேட்டார்.

"செவப்பு வந்துட்டா, அதுக்கப்புறம் யாரும் ஒண்ணும் பேசக் கூடாது. இல்லீங்களா அம்மா?"

"கூடாது."

"பொன்னாத்தாளும்?"

"அவரும்தான்."

"கோயில்காரங்களும் தப்பா நெனைக்க மாட்டாங்க?"

"அம்பிகையின் வாக்கை யார் தவறாக நினைப்பார்?"

மாசிலாமணியின் தோள்கள் தளர்ந்து இறங்கின. அம்மையார் அதைப் பார்த்தார்.

"வெள்ளை வந்தால்?" என்றார்.

"வெள்ளைங்களா?" மாசிலாமணி சற்றுத் தடுமாறினார். "வந்தா... வந்தாப் பார்க்கலாமுங்க."

"தொழில் தொடங்க இருப்பவர் என்னிடம் முதலில் கேட்பது நல்ல நாள். இரண்டு முறை வந்தீர். நீர் நாள் கேட்கவில்லை."

"வாக்கு வந்த பொறகு கேக்கலாமுன்னு இருந்தேனுங்க."

அதற்குள் சந்நிதி வந்துவிட்டது.

பூசாரி பொட்டலங்களை வாங்கி அம்பிகையின் பாதத்தில் வைத்தார். கற்பூரம் காட்டினார். யார் எடுப்பது என்று கேட்டார்.

"அம்மாவே எடுக்கட்டுமுங்க," என்றார் மாசிலாமணி.

அம்மையார் கண்மூடி நின்றார். ஒரு பொட்டலத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைப் பிரிக்காமல் உள்ளங்கையில் மூடினார்.

"பொன்னாத்தாள், கோயிலார் மண்டபத்தில் இருப்பார்கள். போய், உம் கணவர் குங்குமம் செய்து தருவார் என்று சொல்லிவிட்டு வாரும்."

பொன்னாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"ஏய், நில்லு!" என்று மாசிலாமணி அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துவிட்டார். "அம்மா, இன்னும் பிரிச்சுப் பார்க்கலைங்களே!"

"பார்க்க வேண்டுமா? வெள்ளையாக இருக்கலாம் அல்லவா?"

"இருக்காதுங்க."

அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

அம்மையார் மூடிய கையை நீட்டினார். "ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. என் கையில் இருப்பது எது என்று எனக்குத் தெரியாது. பூசாரிக்குத் தெரியாது. அம்பிகைக்குத் தெரியும். உமக்கு எப்படித் தெரிந்தது?"

கற்பூரம் எரிந்து அடங்கியது. பூசாரி எதையோ எடுப்பவர் போல உள்ளே போய்விட்டார்.

"ரெண்டுலயும் செவப்புத்தானுங்க," என்றார் மாசிலாமணி.

பொன்னாத்தாள் சேலைத் தலைப்பை அவர் பிடியிலிருந்து மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"எந்தம்பி மேல சந்தேகம்னு சொன்னீங்க," என்றார்.

மாசிலாமணி அம்பிகையைப் பார்க்க முடியாமல் தூணைப் பார்த்துப் பேசினார். "பயமா இருந்துச்சுங்க. ஆலையில கெட்டா மொதலாளி சரக்கு. இங்க கெட்டா அம்மன் நெத்தி. பயந்துட்டேன்னு சொன்னா ஊரு சிரிக்கும். அம்மன் வேண்டாம்னுட்டான்னு சொன்னா ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க."

"நான் சிரிச்சிருப்பேன்," என்றார் பொன்னாத்தாள். "சிரிச்சுட்டு உரலைத் திருப்பிக் குடுத்திருப்பேன். அவ்வளவுதானே? அதுக்கு அவ காலடியில பொய்யைக் கொண்டுபோயி வெக்கணுமா?"

வெளியே, கோயிலார் மண்டபத்தில் வந்து அமரும் அரவம் கேட்டது.

"அம்மா," என்றார் கடைசியாக. "நான் பண்ணுனது தப்பு. ஆனா அவ பாதத்துல இருந்து எடுத்த பொட்டலமாச்சே. அப்ப அவ வாக்குத்தான் என்னங்க? தொடங்குங்கறாளா, வேண்டாங்கறாளா?"

அம்மையார் பொட்டலத்தைப் பிரிக்காமலே அவர் கையில் திருப்பி வைத்தார்.

"அவளை நீர் இன்னும் கேட்கவே இல்லையே."

மாசிலாமணி மற்றப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டார். படித்துறைக்கு இறங்கி இரண்டையும் ஆற்றில் விட்டார். கால் கழுவிக்கொண்டு மீண்டும் சந்நிதிக்குள் போனார். பொன்னாத்தாள் உடன் போக அடியெடுத்தார். அம்மையார் அவர் கையைப் பற்றி நிறுத்திக்கொண்டார்.

உள்ளே மாசிலாமணி என்ன கேட்டார் என்பது வெளியே நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. ஒருமுறை அழுகுரல் போல ஒன்று எழுந்தது. பிறகு அதுவும் இல்லை.

திரும்பி வந்தபோது அவர் மண்டபத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அம்மையார் முன் வந்து நின்றார்.

"அம்மா, தொடங்கறதுக்கு எந்த நாள் நல்ல நாளுங்க?"

அம்மையார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொல்கிறேன். முதலில் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டும்."

மாசிலாமணி காட்டினார். பொன்னாத்தாளும் எட்டிப் பார்த்தார். ரேகைகளில் ஊறிக் கிடந்த மஞ்சளைத் தவிர அந்தக் கைகளில் ஒன்றும் இல்லை.

"பொன்னாத்தாள்," என்றார் அம்மையார், "மடத்தில் மாடத்தின் மேல் பஞ்சாங்கம் இருக்கிறது. எடுத்து வாரும்."

இதைச் செவிகொடுத்துக் கேட்டவர்க்கு அவள் திருவருளால் கை நிறையத் தொழிலும், நெற்றி நிறையக் குங்குமமும், காயவைக்கும் நாளில் முற்றம் நிறைய வெயிலும், காய்ந்ததை அள்ளி உள்ளே வைத்தபின் மழையும் வாய்ப்பதாக.