தொண்ணூத்தெட்டு செடி, ஆறு வரிசை

ஒரு ஊர்ல ஒரு டீச்சர் இருந்தா, பேரு சுடர்க்கொடி. முழு டீச்சர் இல்ல தாயி, டீச்சருக்குப் படிக்கிறவ. பயிற்சிக்காக அஞ்சாங்கிளாசுக்கு வந்திருந்தா. அவ செஞ்ச தப்ப வரிசையாச் சொல்லுதேன், நீ ம் கொட்டிக்கிட்டே வா. மொத தப்பு, கணக்கப் புரிய வைக்காம மனப்பாடம் பண்ண வெச்சா. ரெண்டாவது, அதையே பரீட்சையில கேட்டா. மூணாவதுதான் பெருசு. ஒரு வரிசைக்குத் தொண்ணூத்தெட்டு செடின்னா ஆறு வரிசைக்கு எத்தனைன்னு கேட்டிருந்தா. கடைசி பெஞ்சுல ஒரு புள்ள, ஐநூத்தி எண்பத்தெட்டுன்னு விடைய மட்டும் எழுதியிருந்துச்சு. விடை சரி. வழிமுறை எங்க? "பார்த்து எழுதினியா, திருடி? போ வெளிய!"ன்னு எல்லார் முன்னாடியும் கத்தி, பேப்பர்ல முட்டையப் போட்டுட்டா.

அப்புறம் என்ன? கிளாசே அந்தப் புள்ளைய "ஏட்டி பிட்டு, பிட்டு"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுது. ம்?

அப்போ சாயங்கால மணி டங் டங்னு அடிச்சுது. எல்லாரும் திடுதிடுன்னு ஓடுனாங்க. அந்தப் புள்ள மட்டும் வெளிய அப்படியே நின்னுது. வீட்டுக்குப் போன்னு யாரும் சொல்லலையே.

"நெசமாச் சொல்லு, எப்படிப் போட்ட?"ன்னா டீச்சர்.

"வரிசைக்கு நூறுன்னு வெச்சேன் டீச்சர். அறுநூறு வந்துது. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு செடி கூட நட்டுட்டேன்லா, அதப் புடுங்கிட்டேன்."

டீச்சருக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஒரு வார்த்தை கேக்காமலே திருடின்னுட்டாளே!

மறுநாள் அதச் சரி பண்ண, மொதல்ல புள்ளைய ஓரமாக் கூப்பிட்டு, "தப்பு என் மேலதான்"னு கிசுகிசுன்னு சொன்னா. புள்ள "சரி டீச்சர்"னுது. புள்ள உள்ள நுழைஞ்சா, கிளாசு மறுபடி "வந்துட்டாடி பிட்டு!"ன்னுது. அப்புறம் ரெண்டாவதா ஒரு மிட்டாய நீட்டுனா. புள்ள வாங்கவே இல்ல. "இத வாங்குனா அதுக்கும் ஒரு பேரு வெப்பாங்க டீச்சர்"னுது. பாத்தியா தாயி? அவமானப்படுத்துனது ஊருக்கே கேக்க, மன்னிப்பு மட்டும் காதுக்குள்ள. பெரிய நாற்காலிக்காரங்க எப்பவும் அப்படித்தான். ம்?

அப்புறம் மூணாவது தடவ. அன்னிக்கு காலேஜ் மேடம் வந்து பின்னால உக்காந்து, இவ பாடம் எடுக்குறதுக்கு மார்க் போடுற நாளு. பக்கத்துல ஹெட்மாஸ்டரு. தப்ப ஒத்துக்க வாயத் திறந்தா பயிற்சியில பெயிலாப் போனாலும் போகலாம். புத்தகத்த மூடி வெச்சா.

"ஒரு பேப்பரத் தப்பாத் திருத்திட்டேன். எப்படிப் போட்டன்னு கேக்காமலே திருடின்னேன். இனி அவங்கவங்க போட்ட வழிய இங்க வந்து வாயால சொல்லணும். அதான் பரீட்சை."

மேடம் பேனாவ மூடுனாங்க. "இதெல்லாம் கிளாசுல பேசுற பேச்சா?"

"கிளாசுலதான் மேடம் நான் திட்டுனேன்."

அவளுக்குத் தலைய நிமித்த முடியல, அம்புட்டு வெக்கம். ஆனாலும் நின்னு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி அந்தப் பேப்பர வாசிச்சா:

"மா. இசக்கியம்மாள். பார்த்து எழுதல. முழு மார்க்."

கதை உறங்கிப் போச்சு, நீயும் உறங்கு தாயி.