காசுக்குள் இருந்த பருந்து

பறவை பேசினால் மனிதருக்கும் புரிந்த அந்தக் காலத்தில், பருந்துகள் எல்லாமே கருநிறம்தான். மேற்குக் கடல் துறை ஒன்றில் ஒரு பெண் பருந்து இருந்தாள். அவள் துணையைப் புயல் கடலில் தள்ளிவிட்டது. அதன் பிறகும் மீன் பிடித்தால் பாதியைத் தின்னாமல் மிச்சம் வைப்பாள். பழக்கம் விடவில்லை, பாவம்.

மிளகு வாங்க வரும் யவனர்கள் பொற்காசு கொடுப்பார்கள். அதை உருக்கி நகை செய்வது தட்டார் அந்துவனின் வேலை. ஒருநாள் அவர் பட்டறையில் அவள் ஒரு காசைக் கண்டாள். ஒரு பக்கம் யவன அரசனின் தலை. மறுபக்கம் இறக்கை விரித்த பருந்து. யவனர்களுக்கு அது வெற்றியின் சின்னம். அவளுக்கோ அது ஓர் ஆண் பருந்து.

"தட்டாரே, இவர் யாரு?"

"கடல் தாண்டி வந்திருக்காரு. வெட்கம் அதிகம், அதான் அந்தப் பக்கம் திரும்பியிருக்காரு," என்றார் அந்துவன். வாய்த்துடுக்கு மிகுந்த மனிதர்.

அவள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். பாதி மீனைக் காசருகே வைத்தாள். மூன்று நாள் இப்படியே போயிற்று.

"எப்போ பேசுவாரு?"

"கடல்குளிர் ஏறிடுச்சு. கொஞ்சம் சூடு பட்டா இறக்கையை அசைப்பாரு." சிரித்தார், சொன்னதை அப்போதே மறந்தும் போனார்.

நான்காம் நாள் காலையில் அந்துவன் காசைப் பொன் உருக்கும் மண்கிண்ணமான மூசையில் போட்டு உலையை ஊதினார். பொன் இளகியது. விரித்த இறக்கை மெல்ல நெளிந்தது. கூரை விளிம்பிலிருந்து அவள் பார்த்தாள். அசைகிறார், உண்மையாகவே அசைகிறார். மறுகணம் அந்த உருவம் அமிழத் தொடங்கியது. ஒருவரைக் கடலுக்குக் கொடுத்தது போதாதா? உலைக்குள் பாய்ந்துவிட்டாள்.

அந்துவன் பதறி வெளியே இழுத்தார். பொன் தெறித்து இறக்கை செம்பொன்னாகியிருந்தது. தலையும் மார்பும் சாம்பலில் வெளுத்திருந்தன.

"அவர் எங்கே?"

"அது வெறும் உருவம்மா. நான் விளையாட்டுக்குச் சொன்னேன்."

"அசைஞ்சாரே. நான் பார்த்தேனே."

அவள் கடலை நோக்கிப் பறந்தாள். கப்பல் ஒவ்வொன்றின் மேலும் சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டாள். கரையில் நின்ற அந்துவனுக்கு நெஞ்சு தாங்கவில்லை. நிமிர்ந்து பார்த்து, தப்பு தப்பு என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

அன்றைக்குப் பிறகுதான் செம்பருந்துக்குப் பொன் இறக்கையும் வெள்ளைத் தலையும். அது ஒற்றையாக வட்டமிடும்போது, கீழே நிற்பவர்கள் இன்றைக்கும் காரணம் தெரியாமலே கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.