வலப்பக்கம் சுற்றக் கற்ற காய்ச்சல்

கேளுங்கள் கண்ணுகளா, மான்கள் வரி கட்டிய காலத்தில், ஆற்றின் இக்கரைக் காட்டை ஒரு சிங்கராசா ஆண்டான்.

அங்கே ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சலா? கிறுகிறு காய்ச்சல்! பிடித்தால் இடப்பக்கமாகவே சுற்ற வேண்டும். யானை சுற்றியது, மரங்கள் சாய்ந்தன. மயில் சுற்றியது, தோகை விசிறியானது. நத்தையும் சுற்றியது, ஒரு சுற்று முடிவதற்குள் பொழுதே சாய்ந்துவிட்டது.

சிரிக்காதீர்கள். சுற்றிச் சுற்றி விழுந்தவை எழவில்லை.

கீரி வைத்தியர் அரும்பாடுபட்டு, இடப்பக்கம் முறுக்கிய ஒரு காயில் மருந்து காய்ச்சினார். முன்கூட்டியே நாக்கில் ஒரு சொட்டு விட்டால் காய்ச்சல் கிட்டே வராது. ராசா பூரித்துப்போய்ச் சட்டம் போட்டான்: "கீரியைத் தவிர யாரும் இதைக் காய்ச்சக் கூடாது!"

அக்கரையில் அல்லி என்றொரு முயல். அவளுக்கு ஒரே குட்டி. காய்ச்சலோ பக்கத்துப் புதர்வரை வந்துவிட்டது. ஆமை முதுகில் ஏறி ஆற்றைக் கடந்து, கீரியிடம் ஓடி வந்தாள்.

"வைத்தியரே, என் குட்டிக்கு ஒரு சொட்டு!"

"இக்கரைக்கே போதவில்லை அம்மா."

மறுபடி வந்தாள். "காய்ச்சும் விதமாவது சொல்லுங்கள். எங்களிடம் பானை உண்டு, அடுப்பு உண்டு."

"சட்டம் இருக்கிறதே அம்மா!"

மூன்றாம் முறை ராசாவே சொன்னான்: "உங்கள் காய்ச்சல் உங்களோடு. நடுவில்தான் ஆறு ஓடுகிறதே!"

இக்கரைக் குரங்குகள் மும்மூன்று சொட்டு குடித்து ஏப்பம் விட்டன.

காய்ச்சலுக்கு ஆறு தெரியுமா, ராசா தெரியுமா? அக்கரையில் ஆடி ஆடி அலுத்த அது, வலப்பக்கம் சுற்றக் கற்றுக்கொண்டு காற்றேறித் திரும்பி வந்தது. ஏப்பம் விட்ட குரங்குகள் வலமாகச் சுற்றின!

"வலப்பக்கம் முறுக்கிய காய் வேண்டும் ராசாவே," என்று கீரி நடுங்கினார். "அது அக்கரையில்தான் காய்க்கிறது."

ராசா தன் குட்டியைக் கவ்விக்கொண்டு ஆமை முதுகில் ஏறினான். ஆமை முனகியது. கீரி ராசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நீந்தினார்.

"அல்லி அம்மா, ஒரு காய்..."

"இக்கரைக்கே போதவில்லை ராசாவே!" என்றாள் அல்லி. சிரிக்கத்தான் வாயெடுத்தாள். நனைந்த சிங்கக்குட்டி அப்பன் பிடரியில் ஒடுங்கியதைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "காய் உங்களுக்கு. காய்ச்சும் விதம் எங்களுக்கு."

"என் பாடு?" என்றார் கீரி.

"பானைக்குப் பானை உமக்குத் தேன், வைத்தியரே."

ராசா சட்டத்தைத் திருத்தினான். இரு கரையிலும் பானைகள் கொதித்தன. இரண்டு குட்டிகளும் ஒன்றாக நாக்கை நீட்டின. பிறகு கைகோத்துத் தட்டாமாலை சுற்றின, இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். தொப்பென்று விழுந்தன.

எழுந்தன!

ஆகவே கண்ணுகளா, கண்டுபிடித்தவருக்குக் கூலி கொடுத்து மருந்தை எல்லாருக்கும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அக்கரைக் குட்டி பிழைத்தால்தான் இக்கரைக் குட்டியும் பிழைக்கும்.