கூடைக்குக் கூடை மானியம்

முன்னொரு காலத்தில், பேர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பேர் சொல்லாத ஒரு தேசத்தில், ராஜாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை உதித்தது. பக்கத்து ராஜா கல்விக்கு வாரி வழங்குகிறானாம். அவன் தூதன் வந்து பெருமையளந்துவிட்டுப் போயிருந்தான். விடுவாரா நம்ம ராஜா? "கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் இளைஞர் பயிற்சிக்கும் நாமும் மானியம் கொடுப்போம்! ஆவணிப் பௌர்ணமிக்குள் கொடுத்தாக வேண்டும்!" என்று தொடையைத் தட்டினார்.

சபை விகடன் சாத்தப்பன் அன்றைக்கே ஓடத்துறைக்கு ஓடினான். அங்கே பூரணி என்றொருத்தி ஓடக்காரர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். பன்னிரண்டு வருஷமாய் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கரைத்தூணில் ஒரு வெட்டு வெட்டி, எந்த மழைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணித்து, வாலிபர்களுக்கும் அதைப் பழக்கினாள். கணித்து என்ன பயன்? பள்ளிக்கூடம் பள்ளத்தில் இருந்தது. போன ஐப்பசி வெள்ளம் குடிசையோடு நான்கு பிள்ளைகளையும் வாரிக்கொண்டு போனது. அதில் ஒன்று சாத்தப்பனின் தங்கை மகள்.

"ஒரு மேடு வேண்டும் அண்ணா. அதன்மேல் ஒரு கூரை. மழைக்கு முன்னால் வேண்டும்" என்றாள் பூரணி.

"வாங்காமல் விடமாட்டேன் தாயி" என்றான் சாத்தப்பன்.

பிரதானி வீரகேசரிக்கோ சாத்தப்பனைக் கண்டாலே ஆகாது. மானியத்தைத் தன் மைத்துனனின் மாடிப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிட ஒரு விதி எழுதினார்: 'ஊரார் முதலில் எதைப் போடுகிறார்களோ, அதையே அதே அளவு அரண்மனையாரும் போடுவார்கள்.' மைத்துனன் பக்கத்துப் பணக்காரர்கள் பொன்னாய்ப் போடுவார்கள்; ஓடத்துறை ஏழைகள் என்னத்தைப் போடுவார்கள்? அப்படியும் மனம் ஆறவில்லை. இந்த விகடப்பயல் வியாபாரிகளிடம் வசூல் பண்ணிவிட்டால்? இன்னொரு வரி சேர்த்தார்: 'இரு தரப்பாரும் தம் கையாலேயே போட வேண்டும், பிறர் கை படக்கூடாது.' ராஜா படித்துக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். முத்திரை விழுந்த ஓலையை அந்தத் தேசத்தில் ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது.

சாத்தப்பன் ஓலையை ஒரு தடவை படித்தான். இரண்டாம் தடவை படித்தான். மூன்றாம் தடவை படித்துவிட்டுச் சபையில் எழுந்து நின்றான்.

"பிரதானி அவர்களே, ஊரார் எதைப் போட்டாலும் செல்லுமா?"

"எதைப் போட்டாலும் செல்லும்! போடத்தான் உங்களிடம் ஒன்றும் இல்லையே!"

"அரண்மனையார் என்றால் யார் யார்?"

"இதென்ன கேள்வி? இந்தச் சபையில் ஆசனம் உள்ளவர்கள்தான் அரண்மனையார். உன்னைப்போல் நின்றுகொண்டிருப்பவன் அல்ல."

சபை கொல்லென்று சிரித்தது. சாத்தப்பனும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான்.

பௌர்ணமிக்கு நாலு நாள் இருக்கும்போது திரும்பி வந்து கும்பிட்டான். "மகாராஜா, ஓடத்துறையார் தங்கள் பங்கைப் போட்டுவிட்டார்கள். இரண்டாயிரம் கூடை மண்! தம் கையால் வெட்டி, தம் கையால் கொட்டியது. பாதி மேடு எழுந்துவிட்டது. மீதிப் பாதிக்கு அரண்மனையாரை அழைத்துப்போக வந்தேன்."

பிரதானியின் முகம் கறுத்தது. "மண்ணா! சரி, கூலியாட்களை அனுப்பித் தொலைக்கிறேன்."

"பிறர் கை படக்கூடாது என்று எழுதியது யாராம்?"

"கேட்டீர்களா மகாராஜா! ஆசனம் உள்ளவர்களில் தாங்களும் உண்டே! தங்களையே மண் சுமக்கச் சொல்கிறான். இவன் தலையை வாங்குங்கள்!"

ராஜாவின் மீசை துடித்தது. ஆனாலும் சாத்தப்பன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "தலையை எடுத்துக்கொள்ளுங்கள் மகாராஜா. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை துறைக்கு வந்து அந்தத் தூணைப் பாருங்கள்" என்றான்.

ராஜா சபையாரோடு போனார். பூரணி அவரைத் தூணருகே நிற்கச் சொன்னாள். போன ஐப்பசி வெட்டு அவர் கிரீடத்துக்கும் மேலே ஒரு முழம் உயரத்தில் இருந்தது.

"என் பிள்ளைகள் தங்கள் இடுப்பு உயரம்கூட இல்லை மகாராஜா" என்றாள். குரல் உடைந்தது, தலை மட்டும் குனியவில்லை.

ராஜா கிரீடத்தைக் கழற்றிச் சாத்தப்பன் கையில் கொடுத்துவிட்டு ஒரு கூடையைத் தூக்கினார். ராஜாவே தூக்கினால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்க முடியுமா? பட்டு வேட்டிகளை மடித்துக் கட்டினார்கள். பிரதானி மூன்றாம் கூடையிலேயே வழுக்கி விழுந்து, தலையோடு கால் சேறாகி எழுந்தார். "இது கணக்கில் சேராது பிரதானி, மேட்டில் அல்லவா விழ வேண்டும்!" என்றாள் ஓர் ஓடக்காரக் கிழவி.

பௌர்ணமியன்று மேடு முடிந்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் பரிசாகக் கொடுத்தார். அவன் அதை அப்படியே பூரணியிடம் நீட்டினான். "இனி இது ஊரார் சொத்து தாயி. கூரைக்குப் போடு."

பூரணி மாலையை மேட்டின்மேல் வைத்தாள்.

"ஊரார் தம் கையால் போட்டாயிற்று" என்று சாத்தப்பன் திரும்பினான். "அரண்மனையார்?"

பிரதானியின் கை தானாகத் தன் கழுத்து முத்துமாலையைப் பொத்திக்கொண்டது. அதைப் பார்த்த ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"கழற்றும் பிரதானி, கழற்றும்! உம் கையாலேயே கழற்றும்! பிறர் கை படக்கூடாது!"

அந்த ஐப்பசியில் வெள்ளம் பழைய வெட்டையும் தாண்டி வந்தது. தண்ணீர் வடிந்த மறுநாள், மேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் எல்லாரும் இறங்கி வந்து, தூணில் புது வெட்டை அவர்களே வெட்டினார்கள்.