லண்டன் நேரத்துக்கு மாறிய மூன்று தாய்மாமன்கள்

கீழக்கரடிகுளத்து அண்ணன் தம்பி மூன்று பேர் லண்டனுக்குக் கிளம்பினார்கள். மூத்தவர் கொம்பையா, நடுவில் வெயிலுமுத்து, கடைசி சங்கிலிபூதம். அங்கே இருக்கிற அவர்கள் அக்கா பொன்மாரியின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? ஒரு மடி போதும்தான். யார் மடி என்று முடிவாகாததால் மூன்று மடியும் புறப்பட்டன.

தம்பிமாரைப் பற்றிப் பொன்மாரிக்குத் தெரியும். அதனால் போனில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "ஏறி உக்காந்ததும் கடிகாரத்தை லண்டன் நேரத்துக்கு மாத்திருங்க, அப்பதான் உடம்பு பழகும். அப்பப்ப எந்திரிச்சு நடங்க, இல்லைன்னா கால் வீங்கிரும். இறங்குனதும் பெட்டி சுத்தி வரும், எடுத்துக்கிடுங்க. வீட்டுக்கு வந்தப்புறம் ராத்திரி வரைக்கும் தூங்கப்படாது."

"சரிக்கா" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டால் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்கிறவர்கள்.

சனிக்கிழமை விடியுமுன் விமானத்தில் ஏறியதும் கொம்பையா கடிகார முள்ளைப் பின்னால் திருகினார். திருகத் திருக முகம் வெளிறியது.

"ஏலே, பன்னிரண்டையும் தாண்டிப் பின்னால போயிருச்சு. இப்ப வெள்ளிக்கிழமை ராத்திரி."

"அப்ப ஏர்போர்ட்ல சாப்பிட்ட இட்லி?" என்றார் வெயிலுமுத்து.

"அது சனிக்கிழமை. இன்னும் சாப்பிடல."

"அதான் பசிக்குது" என்றான் சங்கிலிபூதம்.

வெயிலுமுத்துவுக்குப் பெரிய சந்தேகம் வந்தது. "வெள்ளிக்கிழமை ராத்திரி நாம தாம்பரத்துல என் சகலை வீட்டு மாடியிலல்லா படுத்திருந்தோம்? அப்ப இங்க உக்காந்திருக்கிறது யாரு?"

ஒருவரையொருவர் கிள்ளிப் பார்த்தார்கள். வலித்தது. ஆனால் வலித்தது இங்கேயா தாம்பரத்திலா என்று தீர்மானமாகவில்லை. கடைசியில் கொம்பையா பணிப்பெண்ணைக் கூப்பிட்டார்.

"தாயி, எங்க டிக்கெட் நாளைக்குத்தான். தெரியாம இன்னைக்கே ஏறிட்டோம். கொஞ்சம் ஓரமா நிறுத்தினா இறங்கிக்கிடுவோம்."

அந்தப் பெண் திருச்சிக்காரி. சிரிக்காமல், "இனிமே ஓரம் எதுவும் வராதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு சங்கிலிபூதம் நடக்க எழுந்தான். முன்பக்கம் போகிறவரை ஒன்றுமில்லை. திரும்பியதும் வெயிலுமுத்து பதறினார். "ஊரைப் பாத்து நடக்காதலே! லண்டனுக்குப் போறவன் பின்னால நடந்தா அந்த மட்டுக்கு லேட்டாயிராதா?"

நியாயம்தான். முகத்தை லண்டன் பக்கமே வைத்துக்கொண்டு, முதுகுப்பக்கமாகவே நடந்துவந்து ஒரு வெள்ளைக்காரர் மடியில் உட்கார்ந்தான். அவர் கையில் காபி இருந்தது. அப்புறம் கையில் இல்லை.

லண்டனில் இறங்கியதும் அதிகாரி முன்னால் நிறுத்தினார்கள். பக்கத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மொழிபெயர்க்க நின்றார். "எதுக்கு வந்தனீங்கள்?"

"காது குத்த."

"ஆருக்கு?"

"இங்க உள்ளவங்களுக்குத்தான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அதிகாரியிடம் "சொந்தக்காரரைப் பார்க்க" என்று தானாகவே சொல்லிக் காப்பாற்றினார்.

பெட்டி வந்தது. வெயிலுமுத்து நீட்டிய கையைக் கொம்பையா தட்டிவிட்டார். "அக்கா என்ன சொல்லிச்சு? சுத்தி வரும்னுச்சு. சுத்தட்டும்."

"எத்தனை சுத்து?"

"கோயில்ல எத்தனை?"

"மூணு."

மூன்றாவது சுற்றின் நடுவில் பெல்ட் நின்றுபோனது. பாதியில் விட்டால் குற்றமாகிவிடுமே! பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பெல்ட் மேலேறி மிச்சச் சுற்றை மூவரும் நடந்தே முடித்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு குஜராத்திக் குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டது.

வீடு வந்து சேர்ந்தாயிற்று. பொழுது சாய்ந்ததுமே மூவருக்கும் தூக்கம் கண்ணைச் சொருகியது. ராத்திரி வரை தூங்கக்கூடாதே! முழித்திருப்பதற்காகக் கொம்பையா ஊரிலிருந்த மனைவி பேச்சித்தாய்க்குப் போன் போட்டார்.

"என்னங்க, இந்நேரத்துல? இங்க ஞாயித்துக்கிழமையே பிறந்தாச்சு."

கொம்பையாவின் தூக்கம் பறந்தது. "ஏலே, அங்க ஞாயித்துக்கிழமை வந்தாச்சாம்! காதுகுத்து எப்படி நடந்துச்சுன்னு கேட்டுருவோம்." போனில் கேட்டார். பேச்சித்தாயும் அதே ஊர்தான். பாதித் தூக்கம் வேறு.

"நல்லபடியா நடந்துச்சு. பிள்ளைதான் கொஞ்சம் அழுதுச்சு."

"நம்ம சீரைப் பத்தி ஏதாவது பேச்சு?"

"என்னத்தச் சொல்ல. தோடு சிறுசாப் போச்சுன்னு உங்க அத்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாராம்."

கொம்பையா போனை வைத்துவிட்டுத் தம்பிமாரிடம் விஷயத்தைச் சொன்னார். சங்கிலிபூதத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

சமையலறையிலிருந்து அத்தான் சூடாகச் சப்பாத்தி கொண்டுவந்தார். "வாங்க மாப்பிள்ளைகளா, சாப்பிடுங்க."

மாப்பிள்ளைகள் பெட்டியோடு வாசலில் நின்றார்கள்.

"நாளைக்கு நீங்க செஞ்ச காரியத்துக்கு, இந்த வீட்ல இனி கைநனைக்க மாட்டோம்" என்றார் கொம்பையா.

அத்தானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொன்மாரி ஓடிவந்து தம்பி கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னடா இது? நீங்க போயிட்டா பிள்ளையை யார் மடியில உக்கார வைக்க?"

கொம்பையாவின் மனம் இளகியது. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவள். பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"அதெல்லாம் முடிஞ்சுபோச்சுக்கா. ரொம்ப அழுதாளாமே, பாவம். காதுல தேங்காயெண்ணெய் தடவு, பழுத்திரப் போகுது."