நேர்ந்துவிட்ட கிடா

"நியாயம் செத்துப்போச்சு, சாமியம்மா!"

கொம்பையா ஒரு செம்மறிக் கிடாவை இழுத்துக்கொண்டு மலையடிக் குடிசைக்கு வந்திருந்தார். அங்கிருந்த துறவி அவரைவிட வயதில் இளையவள்.

"என்னாச்சு, அண்ணாச்சி?"

"மழை விட்டதும் என் ஆடுங்க தாடை வீங்கிச் சாகுது. வயித்துல புழு. ரத்தத்தையெல்லாம் குடிச்சிருது. மருந்து ஊத்தி ஊத்தி என் கை ஓஞ்சுபோச்சு. என் தம்பி சப்பாணி ஒரு சொட்டு ஊத்தமாட்டான். அவன் மந்தை துள்ளுது!"

"அவர் ஆடு வேற இனமோ?"

"அதே நாட்டுச் செம்மறிதான். கம்பளி முளைக்காத சாதி. எங்கப்பா மந்தையைத்தான் ஆளுக்குப் பாதியாப் பிரிச்சோம். மேய்ச்சலும் ஒரே குளத்தங்கரை."

"பிறகென்ன வித்தியாசம்?"

"பக்திதான்! மந்தைக்கு நோய் வரக்கூடாதுன்னு வருஷாவருஷம் சுடலைச் சாமிக்குக் கிடா வெட்டுறோம். நான் நோய் நொடி தொடாததாப் பாத்து வெட்டுறேன். அவன் என்ன செய்றான்? மழைக்கு வெளுத்துப்போய் நிக்கிற சவலையைப் பிடிச்சு வெட்டுறான். அந்தத் திருட்டுப்பயலுக்குச் சாமி அள்ளிக் கொடுக்குது. எனக்குப் பட்டை நாமம்!"

துறவி சிரிக்கவில்லை. கிடாவின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். ரத்தம் குறையாமல், உள்ளே செக்கச்செவேல் என்றிருந்தது.

"இதுக்கு எத்தனை தடவை மருந்து ஊத்தினீங்க?"

"இதுக்கா? ஒரு தடவைகூட இல்லை. புழு இதுகிட்ட வாலாட்டாது. அதனாலதான் நேர்ந்துவிட்டேன். நாளைக்கு வெட்டு. திருநீறு பூசி விடுங்க."

"இதுக்குக் குட்டி உண்டா?"

"சிவ சிவா! சாமிக் கிடாவைப் பெட்டையோட சேர விடுவனா? தீட்டாயிரும்."

"போன வருஷக் கிடா?"

"அதுவும் அப்படித்தான். எங்க வீட்டு முறை."

"அப்போ மந்தையில குட்டிகளுக்கெல்லாம் தகப்பன் யாரு?"

கொம்பையாவின் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

"ராசு. குட்டியில சாகக் கிடந்தான். ராவும் பகலும் பக்கத்துல இருந்து மருந்து ஊத்திக் காப்பாத்தினேன். இப்பவும் மழைக்கு மழை ஊத்தணும். இல்லைன்னா படுத்துருவான்."

துறவி கிடாவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். அது சரிவில் இறங்கிப் புல்லைக் கடித்தது.

"என்ன செய்றீங்க? நாளைக்குச் சாமிக்கு எதை வெட்டுறது?"

"உங்க தம்பியா இருந்தா எதை வெட்டுவாரு?"

கொம்பையா தம்பியைத் திட்ட வாயைத் திறந்தார். திட்டாமல், அவிழ்ந்து கிடந்த கயிற்றைக் குனிந்து எடுத்தார்.

"ராசுவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா ஓடி வருவான், சாமியம்மா," என்றார்.