சகாயராஜின் ஏழாவது வெப்சைட்

திருச்சியில் சகாயராஜ் என்று ஒரு டிசைனர் இருந்தார். கடைக்குப் பலகை, இனிப்புக்குப் பெட்டி, டாக்டருக்குக் கார்டு என்று யார் எதைக் கேட்டாலும் சொன்ன நாளில் செய்து கொடுத்துவிடுவார். தன் வேலைகளை நாலு பேருக்குக் காட்டுகிற வெப்சைட்டை மட்டும் அவரால் முடிக்க முடியவில்லை. ஒரே வருடத்தில் ஆறு தடவை மாற்றிவிட்டார். ஒவ்வொரு தடவையும் முந்தினதைச் சுத்தமாக அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு சட்டை வாங்கினால் பத்து வருடம் போடுகிற மனிதர்தான். இந்த விஷயத்தில் மட்டும் என்னவோ பிடித்து ஆட்டியது.

ஏழாவதை முடித்த சனிக்கிழமை காலை, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பாலக்கரைக்குப் போனார். அங்கே ஒரு தையல்கடையின் மாடியில் ரஹீமாவின் டிசைன் ஆபீஸ்.

ரஹீமா அவரைவிடப் பதின்மூன்று வயது சின்னவர். முன்பு சென்னையில் ஒரு கம்பெனியில் இவருக்குக் கீழே வேலை பார்த்தவர். இவர் சிவப்புப் பேனாவால் சுழித்துக் கொடுத்ததையெல்லாம் திருத்திக்கொண்டு வந்து மேஜைக்குப் பக்கத்தில் நிற்பார். இப்போது வேலை கொடுக்க ரஹீமாவுக்காக ஆட்கள் காத்திருந்தார்கள். சகாயராஜ் ஆட்களுக்காகக் காத்திருந்தார். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு சில மாதங்களாக அவர்தான் கற்றுக்கொள்ள வந்துகொண்டிருந்தார். முதலில் கேலியாக 'டீச்சர்' என்று கூப்பிட்டுப் பார்த்தார். கேலி சீக்கிரமே போய்விட்டது, டீச்சர் தங்கிவிட்டது. ரஹீமாவுக்கும் பழைய 'சார்' வாயைவிட்டுப் போகவில்லை.

அவர் மாடியேறி வந்தபோது ரஹீமா குழாயடியில் நின்றிருந்தார். ஒரு ஊறுகாய் பாட்டிலில் லேபிளை ஒட்டி, எண்ணெய் பட்டால் எழுத்து நிற்குமா என்று பார்க்க, விரலில் நல்லெண்ணெய் தொட்டு அதன்மேல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், முடிச்சுட்டேன்."

"ஆறாவதையும் முடிச்சீங்களே சார்."

"இது வேற. தொட்டா அலை மாதிரி விரியும், பாருங்க."

"கையெல்லாம் எண்ணெய். உக்காருங்க."

சகாயராஜால் உட்கார முடியவில்லை. நின்றபடியே லேப்டாப்பைத் திறந்தார். ஓரத்தில் இருந்த நீலம் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது, குறைத்தார். குறைத்தது சரியில்லையோ என்று தோன்றியது, பழையபடி கூட்டினார்.

"எதுக்கு சார் இவ்வளவு அவசரம்?" என்று ரஹீமா பாட்டிலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தக் குழந்தைங்க ஆஸ்பத்திரிதான் டீச்சர். கன்டோன்மென்ட் பக்கம் புதுசா வருதே. வாசல் போர்டுலேர்ந்து டோக்கன் சீட்டு வரைக்கும் எல்லாம் ஒரே ஆள்கிட்ட கொடுக்கப்போறாங்க. போன வாரம் அதை ஆரம்பிக்கிற டாக்டரம்மா அவங்க கிளினிக்லேர்ந்து ஃபோன் பண்ணினாங்க. 'உங்க சைட்டைத் திறந்தேன், என்னமோ ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதுக்குள்ள யாரோ புள்ளையத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க, மூடிட்டேன். திங்கக்கிழமைக்குள்ள மறுபடி அனுப்புங்க'ன்னாங்க."

"அதனால?"

"அதனால எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டேன்."

ரஹீமா குழாயைத் திறந்தார். பாட்டிலைத் தண்ணீரில் அலசினார்.

சகாயராஜ் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. பழைய கம்பெனி அவரைத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை பதில் சொல்ல வேண்டும். மனைவி பிரிசில்லாவுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை, அவளால் கூட வர முடியாது. சென்னையில் ஒற்றை அறையில் தனியாகச் சாப்பிட்டுத் தனியாகப் படுத்த வருடங்கள் போதும் என்றுதான் ஐந்து வருடத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். ஆஸ்பத்திரி வேலை கிடைக்காவிட்டால் மறுபடி அந்த அறைதான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க டீச்சர். என் டிசைன் நல்லாயிருக்கா, இல்லையா?"

"சைட்ல முதல்ல வர்ற வேலை என்னது?"

"தென்னூர் மெடிக்கல் கடை போர்டு."

"அது எப்படி இருக்கு?"

"இதோ, படம்."

"படத்தைக் கேக்கல சார். போர்டு எப்படி இருக்கு? கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

சகாயராஜ் யோசித்தார். ஃபைலை அனுப்பியதோடு சரி, அந்தப் பக்கமே போகவில்லை. வெப்சைட்டில் இருந்த படம்கூட அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தயார் செய்ததுதான். அந்தப் படத்தில் வானம் பளிச்சென்று இருந்தது. கடை வாசலில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

"போய் ஃபோட்டோ எடுத்துட்டு வாங்க. சைட்ல இருக்கிற எல்லா வேலையையும்."

"நாளன்னிக்குத் திங்கக்கிழமை டீச்சர். டைமே இல்ல."

"அதான் இப்பவே போங்கங்கறேன்."

முனகிக்கொண்டே கிளம்பினார். நல்லாயிருக்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்டால் ஊரைச் சுற்ற அனுப்புகிறாளே என்று இருந்தது. மனசுக்குள் கோபம் வந்தால் மரியாதை கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

தென்னூர் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பலகையில் அவர் பெருமைப்பட்டது, பாதிக்குமேல் வெறுமையாக விட்ட வெள்ளைதான். ஓரமாகச் சின்ன எழுத்தில் கடையின் பெயர், மற்றதெல்லாம் அமைதி. இப்போது அந்த அமைதியின் நட்டநடுவில் சிவப்புப் பெயின்டில் குண்டு குண்டாக ஒரு ஃபோன் நம்பர். அதற்குக் கீழே 'ஞாயிறும் உண்டு'.

விறுவிறுவென்று கடைக்குள் போனார். கடைக்காரர் மாணிக்கம் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தார்.

"வாங்க சார், வாங்க. உங்க போர்டைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. நல்லா இடம் விட்டுக் கொடுத்திருந்தீங்க. எழுதிக்க வசதியாப் போச்சு."

வெளியே வந்து ஃபோட்டோ எடுத்தார். அவர் எடுத்துக்கொண்டிருந்தபோது ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்தினாள். இறங்காமலே மேலே பார்த்து நம்பரை அழுத்தினாள். கடைக்குள் ஃபோன் அடித்தது.

அடுத்தது கண் டாக்டர். கார்டில் அடுத்து வரவேண்டிய தேதியை எழுத சகாயராஜ் ஒரு அழகான சின்னக் கட்டம் போட்டிருந்தார். கவுன்டரில் இருந்த பெண் அந்தக் கட்டத்தைச் சீண்டவே இல்லை. கார்டைத் திருப்பிப் பின்பக்கம் முழுக்கத் தேதியைப் பெரிதாக எழுதிக் கொடுத்தாள்.

"ஏம்மா, கட்டம் இருக்கே?"

"சொட்டு மருந்து விட்ட கண்ணு சார். அதுல எழுதினா அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

இனிப்புக் கடையில் பெட்டியின் மூடியில் ஒரு மயில் வரைந்து கொடுத்திருந்தார். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்த மயில். ஒவ்வொரு பெட்டியிலும் அதன் முகத்துக்கு நேராக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எந்தத் தேதிவரை வைத்துச் சாப்பிடலாம் என்று அதில் இருந்தது. வாங்குகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்றார் கடை முதலாளி. மீதி இடங்களிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

மத்தியானம் அவர் மாடியேறி வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"ஒருத்தர் பாக்கியில்ல டீச்சர். எல்லாருமே கை வச்சுட்டாங்க. என் வேலையைக் கெடுத்து வச்சிருக்காங்க."

ரஹீமா கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார், மறுபடி பார்த்தார். இத்தனை மாதத்தில் சகாயராஜ் கொண்டுவந்த எதையும் அவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அது சகாயராஜுக்குச் சுருக்கென்று தைத்தது.

"இந்த நம்பரை யாரு சார் எழுதினது?"

"கடைக்காரரேதான். பிரஷ் பிடிக்கவே தெரியல. ஏழு எப்படி வளைஞ்சிருக்கு பாருங்க."

"ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து தெரியுதா?"

சகாயராஜுக்கு ஸ்கூட்டர் பெண் ஞாபகம் வந்தாள். பதில் சொல்லப் பிடிக்கவில்லை.

"தெரியுது," என்றார்.

"எத்தனை தடவை மாத்தி மாத்தி எழுதினாராம்?"

"மாத்தறதாவது. ஒரே தடவைதான். பெயின்ட் ஆச்சே."

ரஹீமா ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

"சார், திங்கக்கிழமை டாக்டரம்மா உங்க சைட்டைத் திறக்கறாங்க. வெளிய புள்ளைங்க அழுவுது. உங்களைக் கூப்பிடணும். எங்க தொடணும்?"

"இதோ." சகாயராஜ் லேப்டாப்பைத் திறந்தார். திரையில் அலை விரிந்தது. அவர் பெயர் ஒவ்வொரு எழுத்தாக மிதந்து வந்தது. காத்திருந்தார். பெயர் முடிந்ததும் மயில் வந்து தோகை விரித்தது. மூலையில் இருந்த சின்ன வட்டத்தைத் தொட்டார், வேறு பக்கம் போனது. திரும்பி வந்தார். அலை மறுபடி முதலிலிருந்து விரிந்தது. கீழே தையல் மெஷின் ஒன்று ஓடி, நின்று, மறுபடி ஓடியது.

"இங்கதான் வச்சேன்," என்றார்.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். அங்கே நம்பர் இல்லை. பெயர், ஊர், விஷயம் என்று நிரப்பச் சொல்லி ஒரு நீளமான படிவம் இருந்தது. தான் செய்ததைத் தானே தேடியதில் அவருக்கு வெட்கம் பிடுங்கியது. கண்கூடக் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இனிமே மாத்த நேரமில்ல டீச்சர். எட்டாவது ஒண்ணு போடறதுக்கு ஒரு வாரமாவது வேணும்."

ரஹீமா எழுந்து போய் அலமாரியில் தேடினார். சாம்பிள் பாட்டில்களில் எழுதுகிற தடித்த கறுப்பு மார்க்கரை எடுத்து வந்து லேப்டாப்புக்கு முன்னால் வைத்தார்.

"மெடிக்கல்காரர் கையில இதைக் கொடுத்தா, இந்த ஸ்கிரீன்ல என்ன எழுதுவாரு சார்?"

சகாயராஜ் முதல் பக்கத்துக்குத் திரும்பித் திரையைப் பார்த்தார். நடுவில் அவர் பார்த்துப் பார்த்து விட்ட வெள்ளை இடம் அப்படியே இருந்தது. நீலம் அதிகமா குறைச்சலா என்ற யோசனை அப்போது வரவில்லை, தன் ஃபோன் நம்பர்தான் ஞாபகம் வந்தது. மார்க்கரை எடுத்து மூடியைக் கழற்றினார். முனையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் கையை நிறுத்தினார்.

"டீச்சர், இது பர்மனென்ட் மார்க்கர். எழுதினா அழியாதே."

"ஆறு தடவை அழிச்சுப் பார்த்தாச்சே சார்," என்றார் ரஹீமா. "எழுதுங்க."